ஆளில்லாப் பெட்டிகள்

மேனுவலில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கப் போவதில்லை என்று மாட்டுத்தாவணி தாண்டும்போதே பூங்கோதை முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்துவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, இலந்தைக்குளத்துக் கண்ணாடிக் கட்டடத்து வாசலில் அட்டையைக் காட்டி, லிஃப்டில் ஏறி, நாலாம் மாடியின் இந்தச் சின்ன மீட்டிங் அறையில் வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்த பிறகும், அந்த முடிவு அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிய இட்லித் துண்டு மாதிரி நெஞ்சுக்குள்ளேயே நின்றது. திரையின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம், கென்யா நாட்டில் கிசுமு என்கிற ஊரில், அகின்யி இன்னும் வந்து சேரவில்லை. வட்டத்துக்குப் பின்னால் பூங்கோதையின் முகமே பூங்கோதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏசிக் காற்றில் நெற்றி முடி பறக்கிறது, கண்ணுக்குக் கீழே கருவளையம், இந்த மூஞ்சியையா அந்தப் பெண் இந்த வாரம் பூரா பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம். பாவமா? அவளைப் பாவம் என்று சொல்ல என்ன இருக்கிறது. வேலையை வாங்கிக்கொள்ளப் போகிறவள் அவள். கொடுக்கப் போகிறவள்தானே பாவம். பதினாலு வருஷத்து வேலை. விமானத்தில் தொலைந்துபோன பெட்டிகளுக்கு ஆள் கண்டுபிடிக்கிற வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பெட்டியெல்லாம் மதுரைக்கா வருது என்பார்கள். பெட்டி வராது, பெட்டியைப் பற்றிய வார்த்தைதான் வரும். ஒட்டியிருந்த சீட்டு கிழிந்துபோய் ஏதோ ஒரு ஊர் விமான நிலையத்தில் ஒரு பெட்டி கேட்பாரில்லாமல் கிடக்கும். அங்கே இருக்கிறவன் அதைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் டைப் அடித்து அனுப்புவான். இன்னொரு ஊரில் பெட்டியைத் தொலைத்தவள் அழுகையும் ஆத்திரமுமாக என்னென்ன இருந்தது என்று எழுதிக் கொடுத்திருப்பாள். இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்க்கும். கம்ப்யூட்டருக்குப் பொருந்தாததெல்லாம் இந்த நாலாம் மாடிக்கு வரும். இனிமேல் வராது. கிசுமுவுக்குப் போகும்.

போகட்டும், நன்றாகப் போகட்டும், போய் அங்கே ஒன்றும் புரியாமல் தேங்கிக் கிடக்கட்டும், அப்புறம் தானாகத் திரும்பி வரும் என்றாள் ரெஜினா. ரெஜினா பக்கத்து நாற்காலிக்காரி, சேர்ந்த நாளிலிருந்து கூட இருப்பவள். நேற்று கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போடணும்ங்கிறாங்க, நீயும் மண்வெட்டியத் தூக்கிட்டுப் போற" என்றாள். அந்த வாக்கியம்தான் இன்று காலையிலிருந்து சுற்றுகிறது. பல் தேய்க்கும்போது அது, மகள் ஆதிரைக்குச் சடை பின்னும்போது அது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது அது. மண்வெட்டி. ரெஜினாவுக்கு என்ன, அவளை ஹோட்டல் புக்கிங் பிரிவுக்கு மாற்றி உத்தரவே கொடுத்தாயிற்று, டீமில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு நாற்காலி காட்டிவிட்டார்கள். பூங்கோதையைத்தான் மேனேஜர் இளம்பரிதி சார் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீங்க அங்க போயி மூணு மாசம் இருந்து அவங்கள நிலைநிறுத்திட்டு வரணும்மா. வந்ததும் டிரெய்னிங் பிரிவுல உங்களுக்குன்னு ஒரு இடம் இருக்கு, இன்னும் ரெண்டு மூணு ஊர்ல ஆபீஸ் திறக்கப் போறாங்க, சொல்லிக்கொடுக்கிற ஆள் வேணும்" என்றார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்லச் சொன்னார். இன்று வெள்ளிக்கிழமை. அங்க போயி என்றால் பிளேனில் போயி. உலகம் முழுக்கப் பறக்கிறவர்களின் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவள் இதுவரை ஒரு பிளேனுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. பிளேன் என்றாலே அவளுக்குத் தொலைவதுதான் ஞாபகம் வருகிறது, வேறெதுவும் வருவதில்லை. லட்சம் பெட்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும், அது இவள் கண்ணுக்கு வந்ததே கிடையாது. வீட்டுக்காரர் சுந்தரவேலிடம் சொன்னபோது அவர் மோட்டார் ரீவைண்டிங் கடையிலிருந்து வந்த கையோடு செம்புக் கம்பி நாற்றத்துடன் வாசப்படியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆதிரைய நான் பாத்துக்கிருவேன். தோசை ஊத்தத் தெரியும். சட்னிக்குக் கடை இருக்கு. ஒனக்குப் போகணும்னு இருக்கா, அதச் சொல்லு" என்றார். அதைத்தான் சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். போ என்று சொல்லியிருந்தால் பயத்தை அவர் தலையில் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஒனக்குப் போகணும்னு இருக்கா. இவ்வளவு வருஷத்தில் யாரும் இவளை அப்படிக் கேட்டதில்லை.

வட்டம் நின்றது. அகின்யியின் முகம் வந்தது, மூச்சிரைப்பாக, காதோரம் வேர்வையோடு. "மன்னிச்சுக்கோங்க பூங்கா, மழை, வண்டி கிடைக்கல" என்றாள், பாட்டுப் பாடுகிற மாதிரியான அந்த இங்கிலீஷில். பூங்கா என்றுதான் கூப்பிடுகிறாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை மேனுவலைத் திரையில் விரித்தாள். ஏழாம் பாடம், பொருட்களை வைத்து அடையாளம் காணுதல். மேனுவலில் அதற்கு அரைப் பக்கம்தான். பொருட்களின் பெயர்களை ஒப்பிடவும், மூன்று பெயர்கள் ஒத்துப்போனால் பயணியைத் தொடர்பு கொள்ளவும். அவ்வளவுதான் இருக்கிறது, வாசித்தாள். அகின்யி தலையாட்டிக்கொண்டே நோட்டில் எழுதினாள். இவளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ஹோட்டல் வரவேற்பறையில் வேலை பார்த்தவளாம், ஹோட்டலை மூடிவிட்டார்களாம், ரெண்டு வருஷம் வீட்டோடு இருந்தாளாம். வீட்டோடு. அந்த வார்த்தை பூங்கோதைக்குள் எங்கோ இடித்தது. வீட்டோடு இருப்பது என்றால் காலை பத்து மணி வெயில் அடுப்படி ஜன்னலில் அசையாமல் நிற்பது. அவளும் ஆதிரையைப் பெற்றுவிட்டு ஒரு வருஷம் நின்று பார்த்திருக்கிறாள். "மூணு பொருளோட பேரு ஒத்துப்போகலன்னா என்ன செய்யணும்?" என்று அகின்யி கேட்டாள். பூங்கோதை வாயைத் திறந்தாள், மண்வெட்டி என்றது உள்ளே, வாயை மூடினாள். "அந்தப் பெட்டிய நிலுவைப் பட்டியல்ல போட்டுருங்க. மேனுவல்ல அப்படித்தான் இருக்கு" என்றாள். பொய் இல்லை, அப்படித்தான் இருக்கிறது. அகின்யி அதையும் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடி, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "எங்க ஆபீஸ் எதிர்ல ஒரு அம்மா நேத்து சாப்பாட்டுக் கடை போட்டிருக்காங்க. பத்துப் பேருக்கு வேலை வந்தது தெரிஞ்சதும் மறுநாளே அடுப்பு பத்தவெச்சுட்டாங்க. இன்னும் எங்களுக்கு முதல் சம்பளமே வரல." பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வரக் கூடாது என்று நினைத்தும் வந்தது. இந்தக் கட்டடத்துக்கு எதிரே அன்னலட்சுமி அக்காவின் மெஸ் அப்படித்தான் வந்தது. முதலில் ஒரு தள்ளுவண்டி, அப்புறம் தகரக் கூரை, இப்போது மேலே ஏசி அறை. அந்த மெஸ்ஸை ஒட்டி ஜெராக்ஸ் கடை, ஜெராக்ஸ் கடையை ஒட்டி லேடீஸ் ஹாஸ்டல், ஹாஸ்டலை ஒட்டிச் சுடிதார் தைக்கிற ரெண்டு அக்கா தங்கச்சி. பூங்கோதையின் தங்கச்சியே இந்த நாற்காலிச் சம்பளத்தில்தான் நர்சிங் படித்து முடித்தாள். கருவேலங்காடாகக் கிடந்த இடம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆம்பிளைகளே வரப் பயந்த ரோடு. ஒரு வேலை வந்து உட்கார்ந்தால் அதைச் சுற்றி இத்தனை அடுப்பு எரிகிறது. அப்படியானால் வேலை எழுந்து போனால்? ஆனால் எழுந்தா போகிறது, ஒரு டீம்தானே போகிறது, கீழே மூணு மாடியும் ஆட்களாலும் புதுசு புதுசான வேலைகளாலும் நிரம்பித்தானே கிடக்கிறது, படத்தைக் காட்டினால் பெட்டியை மெஷினே அடையாளம் சொல்லுமாம், அது தப்பாகச் சொல்வதைத் திருத்துவதற்கே ரெண்டாம் மாடியில் புதுசாகப் பிள்ளைகளை எடுக்கிறார்களாம். பயத்துக்கு நியாயம் சொன்னால் அது கேட்டுக்கொண்டா இருக்கும். சற்று நேரம் அடங்கிக் கிடந்து, வேறொரு பக்கமாக எட்டிப் பார்க்கும்.

"ஒரு நிலுவைப் பெட்டி காட்டுங்களேன், எப்படி இருக்கும்னு பாக்கறேன்" என்றாள் அகின்யி. கேட்டால் மாதிரிக்கு ஒன்று காட்டலாம் என்று மேனுவலில் இருக்கிறது. பூங்கோதை பட்டியலின் மேலேயே கிடந்ததைத் திறந்தாள். ஒரு மாசமாக இவளை அலைக்கழித்த பெட்டி அது. நார்வே நாட்டு விமான நிலையம் ஒன்றில் கிடக்கிறது, கெடு முடியப்போகிறது, முடிந்தால் ஏலத்துக்குப் போய்விடும். உள்ளே இருப்பவை: எழுத்து அச்சடித்த மேஜை விரிப்பு நாலு. பெண் உடைகள். தூண்டில் இரை, காய்ந்தது, சின்னச் சின்ன மீன்கள், ஒரு பொட்டலம், கடும் நாற்றம். மேஜை விரிப்பு வியாபாரியா, மீன் பிடிக்கப் போன பெண்ணா, பூங்கோதை தேடாத இடம் இல்லை. தூண்டிலைத் தொலைத்தவர்கள், படகுச் சட்டை தொலைத்தவர்கள் என்று நார்வேக்குப் போன அத்தனை பேரையும் சலித்துப் பார்த்துவிட்டாள். "தூண்டில் போடற ஆளு யாருமே புகார் கொடுக்கல" என்றாள். அகின்யி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள், அடிவயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு, நாற்காலி கிறீச்சிட்டது. "இரையா? பூங்கா, இது ஒமேனா! எங்க ஏரியில பிடிக்கற குட்டி மீனு. வெயில்ல காயவெச்சு வறுத்துத் தின்னுவோம். காலையில நான் தின்னுட்டுத்தான் வந்தேன். அது மேஜை விரிப்பும் இல்ல, லெசோ, இடுப்புல கட்டற துணி, அதுலதான் பிள்ளையையும் முதுகுல கட்டிக்குவோம். ஓரத்துல ஒரு வரி அச்சடிச்சிருக்கும்." பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது. நெத்திலி. நெத்திலிக் கருவாடு. போன ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் போட்டு அவளே குழம்பு வைத்தாள், வாசத்துக்கு எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்தினாள். சின்னச் சின்ன மீன், காய்ந்தது, கடும் நாற்றம் என்று படித்துவிட்டு அவள் தூண்டில்காரனைத் தேடியிருக்கிறாள். இரை என்று எவனோ டைப் அடித்தான் என்பதற்காக. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் கரித்தது, ஏனென்றால் இந்தச் சிரிப்பை அவள் முன்பு ஒருதரம் கேட்டிருக்கிறாள், வேறொரு ஊரிலிருந்து, வேறொரு திரையில்.

மார்கரெட். இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஊரில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பூங்கோதை சேர்ந்த வருஷம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அப்போது பூங்கோதைக்கு இங்கிலீஷ் எழுத வரும், பேச வராது. கேட்டதற்கெல்லாம் யெஸ் என்பாள். ஒருநாள் மார்கரெட் ஒரு பெட்டியைக் காட்டி, காய்ந்த இலைகள், கசப்பான வாசனை, போலீசிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றாள். பூங்கோதை முதன்முதலாக நோ என்றாள். அது கறிவேப்பிலை, மருமகளுக்குப் பொடி பண்ணக் காயவைத்துக் கொண்டுபோயிருக்கிறாள் ஒரு மாமியார் என்று, திக்கித் திணறி, கையாலும் காலாலும் சொல்லி முடித்தாள். மார்கரெட் இப்படித்தான் சிரித்தாள், நாற்காலி கிறீச்சிட. சிரித்து முடித்துவிட்டு, அன்றைக்குத்தான் மேனுவலை மூடிவைத்தாள். பெட்டியைத் திறக்கிறவன் அவன் ஊர்க் கண்ணால் பார்க்கிறான், தொலைத்தவள் அவள் வீட்டு வாயால் சொல்கிறாள், நடுவில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தைச் செருப்பு ஒன்று மட்டும் இருந்தால் இன்னொன்று கைப்பையில் இருக்கும், மருந்து டப்பாக்களை முதலில் பார், ஆண்கள் பொருளைச் சொல்லமாட்டார்கள் விலையைத்தான் சொல்வார்கள், அழுதுகொண்டு எழுதுகிறவர்கள் மிக முக்கியமானதைக் கடைசி வரியில் வைப்பார்கள். ஒன்றையும் ஒளித்துவைக்கவில்லை. அவளுக்கு மட்டும் ஒரு ரெஜினா இருந்திருக்கமாட்டாளா? அவள் காதிலும் யாராவது மண்வெட்டி என்று சொல்லியிருக்கமாட்டார்களா? கடைசி நாளில் அவள் கண் சிவந்திருந்தது, வெளிச்சம் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டாள் இருபத்திரண்டு வயது பூங்கோதை. நாளைக்கு அவள் எங்கே போவாள் என்று தோன்றவே இல்லை, சின்ன வயசு, முதல் வேலை, தலைகால் தெரியாத சந்தோஷம். ஒரு வருஷம் கழித்துத் தீபாவளிக்கு வாழ்த்து எழுதினாள், அந்த விலாசத்தில் யாரும் இல்லை என்று மெயில் திரும்பிவந்தது. மார்கரெட் எங்கே இருக்கிறாளோ. எங்கேயோ இருப்பாள், அப்படிச் சிரிக்கிறவள் சும்மா கிடக்கமாட்டாள். ஆனால் அவள் அன்றைக்கு மேனுவலோடு நிறுத்தியிருந்தால் இந்த நாற்காலி இல்லை, தங்கச்சி படிப்பு இல்லை, எதிரே அந்த ஏசி அறையும் இல்லை. வேலை அவளை விட்டுப் போனதென்னவோ போனதுதான். அதைச் சீராகக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சீராகக் கொடுப்பதா, சிந்திவிட்டுப் போவதா என்பது மட்டும்தான் அவள் கையில் இருந்தது. இப்போது இவள் கையில்.

"அகின்யி, மேனுவலை மூடுங்க" என்றாள் பூங்கோதை. காலையிலிருந்து நெஞ்சுக்குள் நின்றது எப்போது இறங்கிற்று என்று தெரியவில்லை. இப்போ தூண்டில்காரனை விடுங்க, கிசுமுவிலிருந்து நார்வேக்கு லெசோவும் மீனும் தூக்கிட்டுப் போறது யாரு, எதுக்கு? அகின்யி கண்ணை மூடி யோசித்தாள். "நாலு லெசோன்னா பிள்ளை பொறந்திருக்கு. மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு. அம்மா போறா." அப்ப அந்த அம்மா புகார்ல என்ன எழுதியிருப்பா? மேஜை விரிப்புன்னா எழுதுவா? ரெண்டு பேருமாகத் தேட ஆரம்பித்தார்கள். சாமான் பட்டியலை விட்டுவிட்டு, கடைசி வரியை மட்டும் வாசிங்க என்று பூங்கோதை சொல்லிக்கொடுத்தாள். அகின்யி வாசித்துக்கொண்டே போனாள், நடுவில் அந்த ஊர் மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பூங்கோதை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள், செருப்பு, மருந்து டப்பா, விலை சொல்கிற ஆண்கள், கூடவே இத்தனை வருஷத்தில் தானாகக் கண்டுபிடித்ததும், மார்கரெட்டுக்கே தெரியாததும். புதுப்பெண் பெட்டியில் பழைய போர்வை ஒன்று கட்டாயம் இருக்கும். சவூதியிலிருந்து வருகிற டிரைவர் பெட்டியில் மேலே பிள்ளைகள் சாமான், தனக்கென்று வாங்கியது அடியில். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவா தெரியும் எனக்கு, யாரும் கேட்காததால் இருந்ததே தெரியவில்லை. "பூங்கா, இத பாருங்க" என்றாள் அகின்யி, குரல் தாழ்ந்துபோய். ஓர் அம்மா, பெயர் புரிசில்லா, மகள் எழுதிக்கொடுத்த புகார், பொருட்கள் என்ற இடத்தில் துணிமணி, உணவு என்று மட்டும் இருந்தது. கம்ப்யூட்டர் எப்படிப் பொருத்தும்? கடைசி வரியில் இருந்தது: பேத்தியைக் கட்டித் தூக்க அம்மா கொண்டுவந்தது, வேறெதுவும் வேண்டாம், அதை மட்டுமாவது கொடுங்கள்.

நார்வேயில் அந்த மகள் வீட்டுக்குப் போன் போட்டதும் அகின்யிதான் பேசினாள். அவள் பேசட்டும் என்று பூங்கோதை மைக்கை அணைத்துக்கொண்டாள். முதலில் இங்கிலீஷ், அப்புறம் அந்தப் பக்கத்துக் குரல் என்னவோ கேட்க, சட்டென்று இருவரும் அவர்கள் பாஷைக்குத் தாவிவிட்டார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஒமேனா மட்டும் புரிந்தது. பின்னால் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. வயசான குரல் ஒன்று நீளமாக என்னவோ சொல்லிக்கொண்டே போக, அகின்யி "ஏ, ஏ" என்று தலையாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அதற்குள் கிசுமு ஆபீசில் இருந்த மற்றவர்களெல்லாம் வந்து திரைக்குள் தலையை நுழைத்தார்கள், ஒருவர் மேல் ஒருவராக, யாரோ கைதட்டினார்கள், யாரோ அகின்யியின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "நாளைக்கே பெட்டி போயிரும்னு சொல்லிட்டேன். சரிதானே?" என்றாள் அகின்யி. சரிதான் என்றாள் பூங்கோதை. "நீங்க இங்க வரப் போறீங்கன்னு எங்க மேனேஜர் சொன்னாரு. வருவீங்களா? என் வீட்டுல தங்கலாம், கொசு இருக்கும், ஆனா ஏரி தெரியும்." அந்தத் தலைகளெல்லாம் பதிலுக்காகக் காத்திருந்தன. ஒனக்குப் போகணும்னு இருக்கா. இருக்கு. எங்கேயோ போய்த் தேட வேண்டியதில்லை, நாக்கு நுனியில் இருந்தது. "வர்றேன். கருவாடு கொண்டுவர்றேன், ஒங்க ஊர் மீனா எங்க ஊர் மீனான்னு பாத்துருவோம்" என்றாள்.

இளம்பரிதி சார் அறையில் இரண்டே நிமிஷம்தான். போறேன் சார் என்றாள், ஆனா ஒன்னு, அந்த மேனுவல் ஏழாம் பாடம் அரைப் பக்கம் பத்தாது, நான் திருப்பி எழுதித் தர்றேன் என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எழுதுங்கம்மா. உங்க பேரப் போட்டே எழுதுங்க" என்றார். வெளியே ரெஜினா காத்திருந்தாள், முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "எல்லாத்தையும் கொட்டிட்டியா?" "கொட்டிட்டேன்." ரெஜினா காபி மெஷினில் பட்டனை அழுத்தி, டம்ளரை இவள் கையில் கொடுத்துவிட்டு, "போடி, கிறுக்கச்சி" என்றாள். குரலில் நேற்றைய கோபம் இல்லை, முழுசாகச் சமாதானமும் இல்லை. "ஹோட்டல் புக்கிங்ல எனக்கு ஒன்னும் தெரியாது. அங்கயும் எவளாவது ஒன்னைய மாதிரி கிறுக்கச்சி இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். பூங்கோதை டம்ளரோடு மாடிப்படிப் பக்கம் வந்து நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிங் ரோட்டில் வெயில், மெஸ் வாசலில் சாப்பாட்டுக் கூட்டம். பயம் போய்விடவில்லை. பிளேன் கிளம்பும்போது காது அடைக்குமாமே, பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஆதிரைக்குப் பரீட்சை சமயமாயிற்றே, ரெண்டு நாளைக்கு மேல் கடைச் சட்னி சாப்பிடுவாளா. அது பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடட்டும். போனை எடுத்தாள்.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?"

"இப்பத்தான் உக்காந்தேன். சொல்லு."

"சாயங்காலம் கடைய சீக்கிரம் சாத்துங்க. கீழமாசி வீதி வரைக்கும் போகணும். பெட்டி வாங்கணும்."

அந்தப் பக்கம் டிபன் மூடியைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. "அப்ப போற" என்றார் சுந்தரவேல். சிரிக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. "நல்லதா ஒன்னு எடுத்துருவோம். கறுப்புல எடுத்தா அழுக்குத் தெரியாது."

"ஐயோ, கறுப்பு மட்டும் வேண்டாம்" என்றாள் பூங்கோதை. "ஒலகத்துல தொலையிற பெட்டியில பாதி கறுப்புதாங்க. நல்லா கண்ணப் பறிக்கிற மாதிரி, மாம்பழ மஞ்சள்ல ஒன்னு பாருங்க."

"மாம்பழ மஞ்சளா? பாக்கிறவங்க சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும்" என்றாள்.